9 மில்லிமீற்றரா, .38ஆ, .45ஆ? ஹூஸ்டனில் இரவு வேலை, கையில் அளவான காசு

கல்லடிப்பாலம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இப்போது மட்டக்களப்பு, கல்லடியில் அம்மா வீட்டில் நிற்கிறேன், லீவு முடிய இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. வேலையும் குடித்தனமும் டெக்சாஸ், ஹூஸ்டனில். பெற்றோல் செட்டோடு ஒட்டின கடை, இரவு பத்திலிருந்து விடிய ஆறு வரை கல்லாவில் நான் ஒருவன்தான். மாசி மாதம் ஒருத்தன் வந்து பிஸ்டலை நெற்றிக்கு நேரே நீட்டிக் கல்லாவில் கிடந்த 180 டொலரை அள்ளிக்கொண்டு போனான். சுடவில்லை. ஆனால் அன்றிலிருந்து கதவு மணி அடித்தாலே வயிறு கலங்குகிறது.

கிரீன்காட் இருக்கிறது, சட்டப்படி வாங்கலாம். முதலாளியும் வைத்துக்கொள் என்றுவிட்டார். குழப்பம் எல்லாம் எந்தப் பருமன் ரவை சுடுகிற கைத்துவக்கை வாங்குவது என்பதில்தான், புள்ளி போட்டது அங்குலக் கணக்கு. துவக்குக் கடைக்காரன் .45 எடு, ஒன்று பட்டால் ஆள் பறப்பான் என்கிறான். கூட வேலை செய்யும் பெரியவர் .38 ரிவோல்வர்தான் சுடும்போது இடையில் இறுகாது, நம்பலாம் என்கிறார். யூடியூப்பில் எல்லோரும் 9 மில்லிமீற்றர். மாதம் 60 டொலருக்கு மேல் இதற்கு ஒதுக்க ஏலாது, ஊருக்கும் அனுப்ப வேண்டும். மனைவியும் தானும் பழக வேண்டும் என்கிறாள், அவளுக்குச் சின்னக் கை. மகனுக்கு ஆறு வயது.

துவக்குச் சத்தத்துக்குள் வளர்ந்த ஊர்தான் நம்முடையது. ஆனால் நான் ஒரு நாளும் அதைத் தூக்கியவர்கள் பக்கம் நின்றதில்லை, கட்டிலுக்குக் கீழே படுத்தவர்கள் பக்கம்தான் நின்றேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


படுவான்கரையான் எழுதியது:

தம்பி, எனக்குத் தெரிந்தது வெல்லாவெளிப் பக்கத்து வயலும் 12 போர் துவக்கும்தான். அதையே சொல்கிறேன். 12 போர் என்றால் என்ன என்று கனபேருக்குத் தெரியாது. ஒரு இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டையாக உருட்டினால் ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ அதுதான் குழாயின் வாய், சுமார் 18.5 மில்லிமீற்றர். பெரிய குண்டு போட்ட எஸ்.ஜி. தோட்டாவில் ஒவ்வொரு குண்டும் 8.4 மில்லிமீற்றர் அளவில் வரும், அதாவது நீ கேட்கிற 9 மில்லிமீற்றர் ரவை மாதிரி எட்டு ஒன்பதை ஒரே இழுவையில் அனுப்புகிற மாதிரி. பன்றிக்குப் போதும். யானைக்குச் சுட்டால் கோபம்தான் வரும், அதற்கு வனசீவராசிக்காரர் தருகிற யானை வெடிதான்.

ஆனால் இதைக் கேள். லைசன்ஸ் கைக்கு வந்து பதினெட்டு வருடம், நான் சுட்டது மொத்தமாக நாற்பது தோட்டா இருக்காது. விலை அப்படி. ஒரு மாரியில் பெட்டியோடு ஈரம் பட்டு அட்டைத் தோட்டா ஊதிவிட்டது, குழாய்க்குள் போகவில்லை, பன்றி வரம்பில் நின்று என்னைப் பார்த்தது, நானும் அதைப் பார்த்தேன். மறுகா அது மரவள்ளியைக் கிண்டிப்போட்டுத் தன் பாட்டில் போனது. பெரிய துவக்குத்தான், பழக்கம் எங்கே?


திருக்கோவில்_மச்சான் எழுதியது:

நான் டலசில் ஆறு வருடம் துவக்குச் சுட்டுப் பழகுகிற ஒரு உள்ளக ரேஞ்சில் வேலை செய்துவிட்டு வந்தவன், இப்போது திருக்கோவிலில் வீட்டோடு இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடுகிறேன். அங்கே ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்தக் கேள்வியோடுதான் ஆள் வரும், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் கடைக்காரன் சொன்ன "ஆள் பறப்பான்". பறக்கமாட்டான். சுடுகிறவன் கையில் விழுகிற உதை எவ்வளவோ, பட்டவன் உடம்பில் விழுகிற தள்ளும் அவ்வளவுதான், நீ பின்னால் பறக்கவில்லை என்றால் அவனும் பறக்கமாட்டான். .45 ரவை 230 கிரேன், கிட்டத்தட்ட 15 கிராம், மெதுவாகப் போகும். 9 மில்லிமீற்றர் 115 அல்லது 124 கிரேன், ஏழரை எட்டு கிராம், வேகமாகப் போகும். கணக்குப் பார்த்தால் இரண்டின் சக்தியும் ஏறக்குறைய ஒன்று, 480 ஜூல் அளவு. .45 ஜோன் பிரௌனிங் செய்த 1911 பிஸ்டலோடு பெயர் எடுத்தது, பழைய ஆட்களுக்கு அதில் ஒரு பக்தி. 9 மில்லிமீற்றரும் அதே காலத்துப் பிள்ளைதான், ஜேர்மன்காரர் கேயோர்க் லூகர் 1902இல் கொண்டுவந்தது.

இனி விலை. கடைக்குக் கடை மாறும், சண்டை தேர்தல் வந்தால் ஏறும், 2020இல் கொரோனாவோடு ராக்கையே காலியாகக் கிடந்தது. சாதாரண நாளில் பயிற்சி ரவை 50 உள்ள பெட்டி 9 மில்லிமீற்றர் 14 டொலர் மட்டில், .45 (பெட்டியில் .45 ஏசிபி என்று இருக்கும்) 23 மட்டில், .38ம் (.38 ஸ்பெஷல் என்று இருக்கும்) அதே விலை அல்லது ஒன்றிரண்டு கூட, .380 பார்க்கச் சின்னதாக இருந்தாலும் 9ஐவிட விலை கூட. ஏன் என்றால் 9 மில்லிமீற்றரை உலகம் முழுக்கப் படையும் பொலிசும் அள்ளுகிறது, ஆலை நிற்காமல் அடிக்கிறது. .22 மட்டும் தனி உலகம், ஒரு ரவை எட்டு சதம். மாதம் 100 ரவை சுட்டால் 9க்கு 28 டொலர், .45க்கு 46. வருடத்துக்கு 216 டொலர் வித்தியாசம் தம்பி, ஊருக்கு ஒரு மாதக் காசு.

.38 ரிவோல்வர் பற்றிப் பெரியவர் சொன்னது பாதி சரி. இறுகாது என்பது பெரும்பாலும் உண்மை, ரவை வெடிக்காவிட்டால் இன்னொரு தடவை ரிகரை, அதாவது விசையை, இழுத்தால் அடுத்த ரவை உள்ள அறை வந்துவிடும். ஆனால் அவர் காட்டுகிற அந்தக் குட்டி ரிவோல்வர் அரைக் கிலோவுக்கும் குறைவு, ஐந்து ரவை, ரிகர் நீளமாகவும் இறுக்கமாகவும் இழுபடும், குழாய் இரண்டு அங்குலம். பழகினவன் கையில்தான் அது நேரே போகும். புதிதாக வருகிற பெண்களுக்குப் புருஷன்மார் "சின்னதாக இருக்கிறது, உனக்குப் பொருந்தும்" என்று அதைத்தான் வாங்கிக் கொடுப்பார்கள், ஐந்து ரவையோடு உள்ளங்கை சிவந்து, அந்த அக்கா பிறகு ரேஞ்ச் பக்கமே வரமாட்டாள். எத்தனை பேரைப் பார்த்தேன். பாரமான துவக்குத்தான் கைக்கு மெதுவாக உதைக்கும்.

இன்னொன்று, .38 என்று பெயர், ரவையை அளந்தால் .357 அங்குலம். 38 என்பது அந்தக் காலத்தில் கோதின், அதாவது ரவையையும் வெடிமருந்தையும் பிடிக்கிற குப்பியின், பருமனை வைத்துச் சொன்னது. அதனால்தான் .357 மெக்னம் ரிவோல்வரில் .38 ஸ்பெஷலைப் போட்டுச் சுடலாம். மறுபக்கம் செய்யாதே, .357 கோது நீளம், மருந்தின் அழுத்தமும் கூட.


மட்டு_வாவி எழுதியது:

திருக்கோவில் மச்சான், அமெரிக்கப் பொலிஸ் எல்லாம் .40 வைத்திருந்தார்களே, அது ஏன்? 9 அவ்வளவு நல்லது என்றால் ஏன் விட்டார்கள்?


திருக்கோவில்_மச்சான் எழுதியது:

நல்ல கேள்வி, அதற்கு ஒரு கதை இருக்கிறது. 1986 சித்திரை 11, மயாமியில் எஃப்.பி.ஐ. ஆட்கள் இரண்டு கொள்ளையரை மறித்தார்கள். சண்டையில் இரண்டு ஏஜெண்டுகள் செத்தார்கள், ஐந்து பேருக்குக் காயம். ஒரு கொள்ளையனுக்குத் தொடக்கத்திலேயே 9 மில்லிமீற்றர் ரவை ஒன்று கையைத் துளைத்து நெஞ்சுக்குள் போனது, ஆனால் இருதயத்துக்கு ஓர் அங்குலம் இருக்க நின்றுவிட்டது. அவன் அதோடு விழவில்லை, அந்தச் சாவெல்லாம் அதற்குப் பிறகுதான். ரவையில்தான் பிழை என்று முடிவு கட்டினார்கள். முதலில் 10 மில்லிமீற்றர், அது உதைத்த உதை பலருக்குத் தாங்கவில்லை, மருந்தைக் குறைத்தார்கள், குறைத்தால் அவ்வளவு நீளக் கோது எதற்கு என்று கோதையும் வெட்டி 1990இல் நீ கேட்ட அந்த .40 வந்தது.

அந்தச் சண்டையால் கிடைத்த நல்லது ஒரு சோதனை முறை. உடம்புச் சதைக்குப் பதிலாக 10 வீத ஜெலற்றின் கட்டி, அதற்கு மேல் தடித்த உடுப்புத் துணி போட்டும் சுடுவார்கள், ரவை 12 அங்குலத்துக்குக் குறையாமலும் 18க்கு மேல் போகாமலும் நிற்க வேண்டும். ஆலைக்காரர் அந்த அளவுக்கு ரவையை மாற்றி மாற்றி அடித்து, இருபத்தைந்து வருடத்தில் 9 மில்லிமீற்றர் ஹொலோ பொயின்ற், அதாவது நுனியில் குழி வைத்து, பட்டதும் விரிகிற ரவை, .40ம் .45ம் செய்கிறதைச் செய்யத் தொடங்கிவிட்டது. 2014இல் எஃப்.பி.ஐ.யின் பயிற்சிப் பிரிவே எழுதிவிட்டது, மூன்றுக்கும் பட்ட இடத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, எங்கள் ஆட்கள் 9ல்தான் வேகமாகவும் சரியாகவும் சுடுகிறார்கள் என்று. பிறகு 9க்கே திரும்பிவிட்டார்கள்.


காயத்தறை எழுதியது:

நான் இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைப் பக்கம் கனகாலம் தாதியாக இருந்தேன், எந்த ஆஸ்பத்திரி எந்த வருடம் என்று கேட்க வேண்டாம். துவக்கைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. காயம் தெரியும்.

துணியை வெட்டி எடுத்துவிட்டுப் பார்த்தால் கைத்துவக்குக் காயம் சின்னதாக, ஓரம் கறுத்து, சிலவேளை ரத்தமே இல்லாமல் இருக்கும். அந்த ஓட்டையைப் பார்த்து இது எந்த ரவை என்று சொல்ல எங்கள் சேர்ஜனாலேயே ஏலாது. தொடையில் பட்டும் பெரிய நாளம் தப்பினவர் மோட்டார் சைக்கிளில் தானே ஓடி வந்திருக்கிறார். சின்ன ரவை, அதே தொடை, நாளம் அறுந்தது, கட்டிலுக்கு வரமுன் முடிந்தது. அளவைவிட இடம்தான். றைபிள் காயம் முற்றிலும் வேறு, அதைப் பற்றி இங்கே எழுத மனம் வரவில்லை.

தம்பி கல்லடி, நீ வாங்குகிறாயோ இல்லையோ, ரத்தம் நிறுத்துகிற கட்டு, டோர்னிகே என்கிற இறுக்குப் பட்டி, அதைப் பாவிக்கிற பழக்கம், இதையும் அந்த 60 டொலருக்குள் சேர். அது உனக்கே தேவைப்படலாம்.


கல்லடிப்பாலம் எழுதியது:

அக்கா, அது என் மூளையில் வரவே இல்லை. குறித்துக்கொண்டேன்.


சம்மாந்துறை_நானா எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சொல்லப்போவது வெட்கக் கதை. எங்களுக்கு அரிசி ஆலை. அறுவடைக் காலத்தில் காசு கையில் கிடக்கும், அந்த யோசனையில் பாதுகாப்பு அமைச்சு லைசன்ஸில் ஒரு 9 மில்லிமீற்றர் பிஸ்டல் வைத்திருந்தேன். மார்கழி 31 வந்தால் லைசன்ஸ் முடியும், ஒவ்வொரு வருடமும் கடதாசியோடு அலைச்சல். ரவை இருபத்தைந்து. அதைச் சுட்டுப் பழகினால் மறுபடி வாங்க எத்தனை கையெழுத்து என்று நினைத்து பிறகு ஒன்றையும் தொடவில்லை. வாங்கின அன்று சுட்டது மட்டும் ஆறு ரவை, ஐந்து கீழே மண்ணில், ஒன்று எங்கே போனது என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். அதோடு சரி.

மறுகா 2024 கார்த்திகையில் தற்பாதுகாப்புக்கென்று கொடுத்த துவக்கெல்லாம் திருப்பிக் கொண்டுவந்து ஒப்படையுங்கள் என்று அமைச்சு அறிவித்தது, வெலிசறை நேவி முகாமுக்குக் கொண்டுபோனேன். அங்கே நின்ற பெடியன் ரவை அடுக்குகிற மகசினைக் கழற்றச் சொன்னான். எந்தப் பொத்தானை அமுக்குவது என்று எனக்கு மறந்துபோயிருந்தது. அவனே வாங்கிக் கழற்றினான், ஒன்றும் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. பதினொரு வருடம் இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்த சாமான்.


நெறியாளர்:

இடையில் ஒருவர் கல்கட்டஸ் (களவாகச் செய்கிற நாட்டுத் துவக்கு) எங்கே எடுக்கலாம், என்ன விலை என்று கேட்டிருந்தார். அழித்துவிட்டேன். கட்டுத்துவக்கு, இடியன், கல்கட்டஸ் எதுவும் இந்த இழையில் வேண்டாம். லைசன்ஸ் இல்லாத சாமான் பற்றிக் கேட்டால் ஆளையே எடுத்துவிடுவேன்.


ஆரையம்பதி_அக்கா எழுதியது:

எல்லோரும் ரவையை அளக்கிறீர்கள், நான் ஒரு குறுக்குக் கேள்வி கேட்கிறேன். அன்று அந்தப் பொடியன் வந்தபோது தம்பியின் இடுப்பில் பிஸ்டல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அவன் ஏற்கெனவே நீட்டிக்கொண்டு நிற்கிறான். 180 டொலர் போனது, தம்பி கல்லடியில் அம்மாவின் கையால் மீன்குழம்பு சாப்பிடுகிறார். நான் இதைப் பிழை என்று சொல்லவில்லை, அங்கத்தைய நிலைமை எனக்குத் தெரியாது. ஆனால் பணம் உடனே விழுகிற பூட்டுப் பெட்டி, தடித்த கண்ணாடி, கதவை உள்ளிருந்து திறக்கிற பொத்தான், இதையெல்லாம் முதலாளியிடம் கேட்டீர்களா? வைத்துக்கொள் என்று வாயால் சொல்ல அவருக்குச் செலவில்லையே.


கல்லடிப்பாலம் எழுதியது:

அக்கா சொன்னது சுட்டது, அதனால்தான் இரண்டு நாள் பதில் போடவில்லை. உண்மை, அன்று என்னிடம் இருந்திருந்தால் நான் கையைக் கீழே கொண்டுபோயிருப்பேன், அவன் சுட்டிருப்பான். கண்ணாடி கேட்டேன், பார்ப்போம் என்றார். பூட்டுப் பெட்டி இருக்கிறது, ஆனால் அதை நான் ஒழுங்காகப் பாவிக்கவில்லை, அது என் பிழை. எனக்குப் பயம் கடையில் மட்டும் இல்லை. விடிய ஆறு மணிக்குக் கார் நிற்கிற இடத்துக்கு நடக்கிறேனே, அதுவும், இரவில் நான் இல்லாத வீட்டில் அவளும் பிள்ளையும்.


ஸ்காபரோ_களுவாஞ்சி எழுதியது:

கனடாவில் இருக்கிறவர்கள் இதை வாசித்துவிட்டு ஓடிப்போய்க் கடையில் நிற்காதீர்கள். இங்கே 2022 ஐப்பசி 21இலிருந்து கைத்துவக்கு விற்பனை நிறுத்தம், அதற்கு முதலும் தற்பாதுகாப்பு என்று சொல்லி வாங்க வழியில்லை. லண்டன்காரருக்கு 1997ஓடு கதை முடிந்தது. டெக்சாஸ்காரர் கதை டெக்சாஸ்காரருக்கு மட்டும்.

கல்லடி, உங்கள் மாநிலத்தில் 2021 புரட்டாதியிலிருந்து லைசன்ஸ் இல்லாமலும் இடுப்பில் வைக்கலாம் என்று சட்டம், ஆனாலும் அந்த வகுப்புக்குப் போங்கள். எங்கே கொண்டுபோகக்கூடாது, எப்போது சுடக்கூடாது என்று படிப்பிப்பார்கள். 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கைக்கு எட்டுகிற மாதிரி விட்டால் அங்கே குற்றம், ஆறு வயதுப் பையன் இருக்கிறான் என்றீர்களே. துவக்குக்கு முதல் பூட்டுப் பெட்டி வாங்குங்கள்.


திருக்கோவில்_மச்சான் எழுதியது:

ஸ்காபரோ சொன்னதோடு ஒன்று. ஹூஸ்டன் அப்பார்ட்மெண்ட் சுவர் நம்மூர்க் கல்சுவர் இல்லை. அரை அங்குல ஜிப்சம் பலகை இரண்டு, நடுவில் காற்று. .22 தொடங்கி .45 வரை எல்லாம் அதைத் துளைக்கும், ஹொலோ பொயின்றும் துளைக்கும், வாய்க்குள் ஜிப்சம் மாவு அடைத்தால் விரியாமலே போகும். ஆகவே "சுவர் தாண்டாத ரவை" என்று எவனாவது விற்றால் வாங்காதே. உன் மகன் படுக்கிற அறை எந்தப் பக்கம், பக்கத்து வீட்டுக்காரன் தலைமாடு எந்தப் பக்கம் என்று இப்போதே பார்.

60 டொலர்க் கணக்கு. ரேஞ்ச் ஒரு தடவைக்கு 20, ரவை நூறு 28, மீதி 12ஐ உண்டியலில் போடு, ஹொலோ பொயின்றுக்கு வேண்டும், அது 20 ரவைப் பெட்டியே 25 டொலர் வரும். அதில் இரண்டு பெட்டியாவது உன் துவக்கில் சுட்டுப் பார்க்காமல் நம்பாதே, சில துவக்குக்குச் சில ரவை ஒத்துவராது. .22 பிஸ்டல் ஒன்றும் வாங்கட்டுமா என்று அடுத்துக் கேட்பாய். 300 டொலர் போகும், ஒரு ரவைக்கு 20 சதம் மிச்சம், 1500 ரவை சுட்டால்தான் போட்ட காசு திரும்பும். உன் வேகத்துக்குப் பதினைந்து மாதம். மனைவி பழகத் தொடங்கினால் அது நல்ல கணக்கு, இல்லாவிட்டால் ரேஞ்சில் வாடகைக்கு எடு. தற்பாதுகாப்புக்கு .22ஐ நான் சொல்லமாட்டேன். அதன் மருந்து கோதின் விளிம்பில்தான் பற்றுகிறது, மற்றதைவிட அடிக்கடி சும்மா டிக் என்று நிற்கும். ரேஞ்சில் அது பகிடி.

உண்மையான பழக்கம் காசு இல்லாமல் வீட்டில்தான். ரவை எல்லாம் வேறு அறையில் வைத்துப் பூட்டு. மகசினைக் கழற்று, மேலே வழுக்குகிற ஸ்லைடை இழுத்து, ரவை போய் நிற்கிற குழாய் அறையைக் கண்ணாலும் பார், சின்ன விரலை விட்டுத் தடவியும் பார். அப்புறம் ஆள் இல்லாத வெளிச் சுவருக்கு நேரே பிடித்து, குழாய் நுனிக்கு மேலே நிற்கிற முன்குறியின் மேல் ஓர் ஐந்து சதத்தை வை. சில்லறை விழாமல் ரிகரை இழுக்க வேண்டும். முதல் நாள் பத்துக்கு ஏழு தடவை விழும். விழுகிறது துவக்கால் இல்லை, சத்தம் வரப்போகிறது என்று கை முன்கூட்டியே கீழே குனிகிறது, அதனால். நானா ஐந்து ரவையை மண்ணில் போட்டாரே, அதுவும் இதுதான். .22ல் மட்டும் இப்படி வெறுமனே அடிக்காதே, அடிக்கிற ஊசி குழாய் அறையின் விளிம்பில் இடித்துக் கெட்டுவிடும்.

கையைப் பொருத்துவது: விரல் ரிகரில் படும்போது பிஸ்டலின் முதுகு முன்கையின் எலும்போடு நேராக இருக்க வேண்டும். பெருவிரல் மூட்டுக்குப் போகிறது என்றால் அது உனக்குப் பெரிது. மனைவியையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போ, அவளுக்காக நீ தெரிவு செய்யாதே.


படுவான்கரையான் எழுதியது:

ஐந்து சதம் இங்கே இப்போது எங்கே இருக்கிறது, பத்து ரூபாய்தான் வைக்க வேண்டும்.


கல்லடிப்பாலம் எழுதியது:

ஹூஸ்டன் வந்து ஒரு மாதம். சொன்னவர்களுக்கு நன்றியோடு நடந்ததை எழுதுகிறேன்.

முதல் கண்ணாடி. முதலாளியிடம் நானும் மற்ற இரண்டு இரவு ஆட்களும் ஒன்றாகப் போய்க் கேட்டோம், போட்டுவிட்டார், கல்லாவுக்கு முன் முழுக்க. 50 டொலருக்கு மேல் கல்லாவில் இல்லை என்று எழுதியும் ஒட்டினோம்.

அப்புறம் ரேஞ்ச். மனைவியும் நானும் நான்கு துவக்கு வாடகைக்கு எடுத்தோம், ஏழு யார் தூரம், ஒவ்வொன்றிலும் பத்து ரவை, கடதாசித் தட்டை மாற்றி மாற்றி ஒட்டினோம். .45ல் முதல் மூன்று எனக்கு நடுவில், பிறகு கீழே கீழே போய் ஏழாவது தட்டையே விட்டு வெளியே. குட்டி .38ல் எனக்கே பத்தில் ஐந்துதான் தட்டில், அவள் மூன்றோடு மேசையில் வைத்துவிட்டாள். ஒரு பழைய பாணிச் சின்ன .380, அதன் ஸ்லைடை அவளால் இழுக்கவே ஏலவில்லை, ஸ்பிரிங் அவ்வளவு விறைப்பு. சின்னது என்றால் இலேசு என்று நானும் நினைத்திருந்தேன். நடுத்தர அளவு 9 மில்லிமீற்றரை உடம்போடு ஒட்டிப் பிடித்து, ஸ்லைடை இழுக்காமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு துவக்கை முன்னால் தள்ளச் சொல்லிக் காட்டினார்கள், ஸ்லைடு வந்துவிட்டது. பத்துக்கு ஒன்பது. என்னைவிட ஒன்று கூட, அதைச் சொந்தக்காரர் எல்லோருக்கும் போனில் சொல்லியாயிற்று.

9தான் வாங்கினோம், பழைய சாமான், கடையில் சோதித்துத் தந்தது. பூட்டுப் பெட்டி சுவரில் அடித்திருக்கிறது, டோர்னிகே காரில். காயத்தறை அக்கா, அதற்கு இங்கே இலவச வகுப்பு இருந்தது, இருவரும் போனோம். வேலைக்கு இன்னும் கொண்டுபோகவில்லை. வகுப்பில் அந்த வாத்தியார் கேட்டார், கண்ணாடிக்குப் பின்னால் இருந்துகொண்டு எதற்கு என்று. சில்லறை நேற்றுப் பத்துக்கு நான்கு தடவை விழுந்தது.


சம்மாந்துறை_நானா எழுதியது:

நான்கு நல்லது மகன். மகசின் பொத்தான் எந்தப் பக்கம்?


கல்லடிப்பாலம் எழுதியது:

இடப் பக்கம் நானா, ரிகருக்குப் பின்னால், பெருவிரலுக்கு எட்டும் இடத்தில்.


படுவான்கரையான் எழுதியது:

நேற்றிரவு மறுபடி பன்றி. இந்தமுறை தோட்டாவைப் பிளாஸ்ரிக் போத்தலில் அரிசியோடு போட்டு மூடி வைத்திருந்தேன், ஊதவில்லை, குழாய்க்குள் வடிவாகப் போனது. சுட்டேன். படவில்லை. தோள் இன்னும் நோகிறது, விளிம்பில் பத்து ரூபாய் வைத்துப் பழகட்டுமா என்று மனிசி கேட்கிறாள்.